இரண்டு கட்டம்

படிவத்தில் இரண்டு கட்டம்.
நன்மைகள் ஒன்று, தீமைகள் ஒன்று.
கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார்:
ஈமு வளர்த்தவர் பட்டியலில் அஞ்சலாட்சி, கடாம்புலியூர்
என்று இருக்கிறதே, நீங்களா?

நான்தான்.
தானே என்று பேர் வைத்த புயல் வந்து
முந்திரித் தோப்பை மல்லாத்திப் போட்ட வருசம்.
கல்யாண மண்டபத்தில் விடியற்காலையில்
ஆட்கள் கிடப்பார்களே, அப்படிக் கிடந்தன
செம்மண்ணில் முப்பத்தாறு மரம்.
புதுக்கன்று காய்க்க நாலு வருசம் ஆகும்.
வட்டிக்காரன் நாலு நாள் பொறுப்பானா?

அப்போதுதான் காரில் வந்தான் கம்பெனிக்காரன்.
குஞ்சு நாங்கள், கொட்டகை நாங்கள், தீவனம் நாங்கள்,
நீங்கள் ஒன்றரை லட்சம் மட்டும்.
மாசம் ஆறாயிரம் கணக்கில் விழும்.

எழுதுங்கள் முதல் கட்டத்தில்:
விழுந்தது.
பொய் சொல்லக் கூடாது, மூன்று மாசம் விழுந்தது.
மகளின் நர்சிங் படிப்புக்கு
முதல் தவணை அதில் கட்டியதுதான்.
ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டம்.
பண்ருட்டி பலாப்பழ மண்டிக்காரர்
குடும்பத்தோடு வந்து போட்டோ எடுத்து
ஒரு இறகு கேட்டு வாங்கிப் போனார்.
பார்த்திருக்கிறீர்களா,
ஒரே காம்பில் இரண்டு இறகு அதற்கு.

அடுத்த கட்டம்.
ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை
தீவன லாரி வரவில்லை.
செவ்வாய் வரவில்லை.
புதன்கிழமை என் வீட்டுக்காரர் போன் போட்டால்
அந்த நம்பரே உலகத்தில் இல்லை.

பசித்தால் என்னவெல்லாம் தின்னும் தெரியுமா?
சைக்கிள் சாவி. சட்டைப் பொத்தான்.
என் வளையல் துண்டு.
விழுந்து அழுகிய முந்திரிப்பழம் தின்று
ஒரு வாரம் கழிந்து, இரண்டு செத்தன.
ஒன்றை அறுத்தோம்.
ஆடு மாதிரியும் இல்லை கோழி மாதிரியும் இல்லை என்று
என் கொழுந்தன் இலையை மடித்துவிட்டான்.

ஆடு என்றால்
ஆத்திர அவசரத்துக்குச் சந்தை உண்டு.
சேவல் என்றால்
அய்யனாருக்கு நேர்ந்தாவது விடலாம்.
இதை நேரவும் முடியவில்லை.
எந்தச் சாமிக்கும்
இது இன்ன உயிர் என்று தெரியாது.

மீதியை அதிகாரிகள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
ஒரு ஜோடி மட்டும் தோப்புக்குள் ஓடி
கணக்கில் வராமல் போனது.

அடுத்த மார்கழியில்
விழுந்த மரத்தின் வேர்க்குழியில் பார்த்தேன்,
பச்சையாக ஏழு முட்டை.
அந்தப் பச்சைக்கு எனக்குப் பேர் தெரியவில்லை.
மேலே உட்கார்ந்திருந்தது ஆண்.
பொட்டை ஊர் சுற்றப் போய்விட்டது.
கம்பு வைத்தேன், தொடவில்லை.
தண்ணீர் வைத்தேன், கழுத்தைத் திருப்பிக்கொண்டது.
ஐம்பத்திரண்டு நாள்.
கோர்ட்டுக்கு ரசீதோடு அலைந்து வந்த என் வீட்டுக்காரர்
சட்டையைக் கழற்றாமல் அங்கேயே நின்று
அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.
இரண்டு பேருக்கும் எலும்பு தெரிந்தது.

பொரிந்தது மூன்று.
அணில் மாதிரி முதுகில் வரி.
வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தும்
அன்றைக்கு நான்
நொய் வறுத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினேன்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

அவர் எழுதவில்லை.
பேனா மூடியைப் போட்டு,
குறிப்புகள் என்ற இடத்தை
வெறுமனே விட்டார்.
இப்போது எதற்கு இந்தக் கணக்கு, கேட்டேன்.
புதுத் திட்டம் வருதாம்மா என்றார்.
என்ன பறவை?
நெருப்புக்கோழி என்றார், தலை நிமிராமல்.

தோப்பில் புதுமரம் காய்ப்புக்கு வந்துவிட்டது.
மகள் சம்பளம் அனுப்புகிறாள்.
கடனில் ஒன்றுதான் பாக்கி.

எத்தனை அடி வேலி வேண்டும் என்று
என் வாய் கேட்டுவிட்டது.